ஏழாவது பலகை

ஜெகதேவி ரோட்டில் எங்கள் கிரானைட் பட்டறைக்கு
பதின்மூன்று கறுப்புப் பலகைக்கு ஆர்டர் வந்தது.
எங்கோ புல்வெளி நாடாம். கண்ணுக்கெட்டிய வரை மரமே கிடையாதாம்.
ஆற்றோரம் மண்ணாய்ச் சரிந்து கிடக்கிற பழைய நகரத்தில்
வருகிறவர்கள் நின்று படிக்க
எழுத்து வேண்டுமாம், பர்கூர்க் கல்லில்.

அந்த எழுத்து எனக்குத் தெரியாது.
ஸ்டிக்கர் ஒட்டுவேன், நகத்தால் உரிப்பேன்,
உரித்த இடத்தில் மணலை ஊதுவேன்.
கல்லறைக்கும் கல்யாண மண்டபத்துக்கும்
எனக்கு ஒரே வேலை.

சரிபார்க்க வந்தவன் பெயர் யெர்போல்.
இரண்டே நாள் வெயிலில் மூக்குத் தோல் உரிந்துவிட்டது அவனுக்கு.
அவன் அரைகுறை இங்கிலீஷில் சொன்னதை
சூப்பர்வைசர் நயாஸ் பாய்
வீட்டு உருதுவில் யோசித்து, தமிழில் இறக்கினார்.
திம்மக்கா அதைத் தெலுங்காக்கிப் பக்கத்துக்காரிக்குக் கொடுத்தாள்.
டீ ஆறுவதற்குள் கதை நாலு வீடு மாறிவிட்டது.

ஏழாவது பலகையில் இருப்பது இதுவாம்:
கானின் கூடாரத்தின் முன் இரண்டு குழி.
பத்து வண்டி விறகு, விடிய விடிய நெருப்பு.
ஒரு குழியில் கானின் பழைய பூசாரி.
மற்றதில் எங்கிருந்தோ நடந்து வந்த பக்கிரி,
வெற்றுடம்பின் மேல் இரும்புச் சட்டை.
மூடியை எடுத்தால்
பூசாரி சாம்பல்.
பக்கிரிக்கு நெற்றியில் கொஞ்சம் வியர்வை.
"அதற்குள் ஏன் திறந்தீர்கள்?" என்றாராம்.
கானும் படையும் அன்றைக்கே கலிமா சொன்னார்களாம்.

"அந்தப் பூசாரிக்குப் பொண்டாட்டி இருந்தாளா?"
திம்மக்கா கேட்டதை
நயாஸ் பாய் தயங்கித்தான் அந்தப் பக்கம் சேர்த்தார்.

யெர்போல் கல்லைத் தடவிக்கொண்டிருந்தான்.
இது கதை, என்றான்.
ஒரே ராத்திரியில் யார் மாறுகிறார்கள்?
உப்பு ஏற்றிய ஒட்டகத்தோடு வந்தது,
மருமகளோடு வந்தது,
பிள்ளைக்குப் பெயர் தேடும்போது வந்தது.
காசில் ஒரு பக்கம் கானின் பழைய முத்திரை,
மறுபக்கம் புது எழுத்து;
எந்தப் பக்கம் விழுந்தாலும் ரொட்டி கிடைத்தது.
எங்கள் பெரியப்பா ஐந்து வேளை தொழுகிறவர்.
வெளியில் தனியாய் நிற்கிற கல் மனுஷனுக்கு
வசந்தத்தில் ஒரு கரண்டி குதிரைப்பால் தெளிப்பார்.
கேட்டால், கல்லுக்குத் தாகம் என்பார்.

அந்தப் பலகையில்தான் எனக்குக் கை தவறியது.
ஒரு எழுத்துக்கு அடியில் சின்ன வால்,
உரிக்க மறந்துவிட்டேன்.
வாலில்லாமல் கான் வேறு எவனோ ஆகிவிட்டானாம்.
எவன் என்று யெர்போல் சொல்லவில்லை, சிரித்தான்.
வேறு கல் அறுத்தோம். பதின்மூன்றும் கண்டெய்னர் ஏறின.

கெட்ட பலகையைச் சாக்கடை மேல் போடச் சொன்னார் முதலாளி.
நயாஸ் பாய் குறுக்கே நின்றார்.
அல்லாவின் பெயர் எந்த வரியில் இருக்கிறதோ,
கால் படக் கூடாது.
புங்க மரத்தடியில் நிமிர்த்தி வைத்தோம்.

மாங்கூழ் கம்பெனிகள் சீசன் முடிந்து மூடின.
மழை இரண்டு தடவை ஏமாற்றியது.
ஒரு செவ்வாய்க்கிழமை ஷிப்டுக்கு வந்தால்
கல்லின் தலையில் மஞ்சள்.
"எரிஞ்சு போனானே அந்தப் பூசாரி,
அவனுக்குன்னு யார் இருக்கா" என்றாள் திம்மக்கா.
எங்கள் பக்கத்து ஏரிக்கரைகளில்
மாட்டுச் சண்டையில் விழுந்தவனுக்கெல்லாம் கல் நிற்கிறது.
ஜெயித்த கட்சியா தோற்ற கட்சியா,
பொங்கல் வைக்கிறவள் கேட்பதில்லை.

இப்போது லாரிக்காரர்கள் எலுமிச்சை வைக்கிறார்கள்.
துறைமுகத்துக்குக் கிளம்பும் முன் ஒரு கற்பூரம்.
புகையில் அந்த எழுத்துகள் இன்னும் கறுத்துவிட்டன.
நயாஸ் பாய் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

போன நோன்பு மாதம், மதியம் மூன்று மணி,
நாக்கு ஒட்டிக்கொள்ளும் வெயில்.
ரப்பர் குழாயோடு அந்தக் கல்லின் முன் நின்றிருந்தார்.
தண்ணீர் உச்சியிலிருந்து வரிவரியாய் இறங்கியது.
மஞ்சளைக் கழுவுகிறாரா,
தாகத்துக்கு ஊற்றுகிறாரா?

கேட்டிருப்பேன்.
கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தது.